சூளைக்குள் இருந்த யானைகள்

திரையில் தெரியாதது இல்லாததுதான் என்று யாராவது என்னிடம் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். காது மந்தமாகிவிட்டதால் கத்துகிறேன் என்று இப்போதைய ஆபீஸில் நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அது கோபம்.

தொண்ணூறுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்கிறவர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சங்கத்தில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் வேலை என்று பெயர். கடிதம் அடிக்க வேண்டும், போன் எடுக்க வேண்டும், கரண்ட் போனால் கம்ப்யூட்டரை அணைக்க ஓட வேண்டும், செயலாளரைப் பார்க்க ஆள் வந்தால் டீ சொல்ல வேண்டும். சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய் வந்து படித்த படிப்புக்கு ஊரில் கிடைத்த ஒரே நாற்காலி அது. அதற்கும் முதுகு கிடையாது. ஸ்டூல்.

செயலாளருக்குச் சொந்தமாகப் பெரிய யூனிட் இருந்தது. மின்சாரப் பெட்டிக்குப் பீங்கான் ஃப்யூஸ் கேரியர் செய்தார், பொம்மையும் செய்தார். சொந்தச் சூளை, சொந்த குடோன். சங்கத்தில் மற்ற பலர் அப்படி இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, நாலைந்து அச்சு, இரண்டு பெண்கள், அவ்வளவுதான் அவர்களுடைய யூனிட். சுடுவதற்குச் சங்கத்தின் பொதுச் சூளை. அதில் ஆளுக்கு ஒரு முறை உண்டு. முறை வரும்போது சரக்கு வைக்காமல் இரண்டு மூன்று தடவை விட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

என் அண்ணி அப்படி முறை வைத்திருந்தவர். என் அண்ணன் களிமண் லாரி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அண்ணி கல்யாணமான புதிதில் செயலாளரின் யூனிட்டில்தான் பொம்மைக்குக் கண் எழுதும் வேலை பார்த்தார். அங்கே சூப்பர்வைசர் பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டான், "ஏய், மூணாவது பெஞ்சு" என்பான். ஒருநாள் அண்ணி பிரஷ்ஷைத் தண்ணீர்க் குவளையில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். வந்து தானே அச்சு செய்து யானை வார்க்க ஆரம்பித்தார். தும்பிக்கையைத் தூக்காமல் பக்கவாட்டில் சுருட்டி வைத்திருக்கும், உள்ளங்கையில் அடங்குகிற யானை. தூக்கின தும்பிக்கை பெட்டியில் போட்டால் உடையும் என்பதால் அப்படிச் செய்தார். கடைக்காரர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் நிலையாக வாங்குகிற ஆள் இல்லை. அப்படி ஓர் ஆள் கிடைக்காவிட்டால் சூளை முறையை விட்டுவிட்டுத் திரும்ப அந்த மூணாவது பெஞ்சுக்குத்தான் போகவேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் வாயால் சொல்லமாட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் செயலாளர் எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, நமக்கும் வெப்சைட் வேண்டும் என்றார். பாண்டிச்சேரியில் ஓர் ஆளைப் பிடித்தார். அந்தப் பாண்டிக்காரர் வந்து இரண்டு நாள் உட்கார்ந்து பக்கத்தை அமைத்துக் கொடுத்தார். போன் லைனை நம்பமுடியாது என்பதால் அதே பக்கம் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஓடும்படி வைத்துவிட்டுப் போனார்.

அது எப்படி வேலை செய்யும் என்று சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. பொருள்களின் விவரம் எல்லாம் ஓர் அட்டவணையில் இருக்கும். படம், பெயர், செய்தவர், கையிருப்பு. பக்கத்துக்கு டெம்ப்ளேட் என்று ஒன்று இருக்கும். அதில் ஒரே ஒரு பொருளுக்கான கட்டத்தைத்தான் எழுதியிருப்பார்கள். அட்டவணையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அதே கட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போகும். நடுவில் "இப்படி இருந்தால் மட்டும் காட்டு" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் மற்றதெல்லாம் திரைக்கு வராது. அட்டவணையில் அப்படியே இருக்கும். பார்க்கிறவன் கண்ணுக்கு மட்டும் கிடையாது.

அட்டவணையை நிரப்புவது என் வேலை. யூனிட் யூனிட்டாகப் போய்க் கேட்டேன். பெரிய யூனிட்காரர்கள் குடோன் கணக்கை அப்படியே சொன்னார்கள். அண்ணியிடம் கேட்டபோது யானைகள் பொதுச் சூளைக்குள் இருந்தன. வாசலைச் செங்கல் வைத்து அடைத்து மண் பூசி, சுட்டு முடித்து, சூளை ஆறிக்கொண்டிருந்தது.

"எத்தினி அண்ணி?"

"என்னா எத்தினி?"

"யானை. கையிருப்பு போடணும்."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு படி பின்னால் போனேன். "சூளைய அடைச்சு வச்சிருக்குது. உள்ள இருக்கறத எண்ணச் சொல்றியா? படிச்சியே, அறிவு வரல?"

எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். சூளை வாசல் அடைத்ததிலிருந்து பிரிக்கும்வரை உள்ளே எத்தனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். உள்ளே வைத்த ஆளே சொல்லமாட்டார். சொன்னால் வெடிக்கும் என்பார்கள். சின்ன வயசில் சூளை வாசலில் நின்று விரல் விட்டு எண்ணியதற்காக நான் முதுகில் வாங்கியிருக்கிறேன். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது, அன்றைக்கும் கிடையாது. வைக்கும்போது எண்ணித்தானே வைக்கிறீர்கள், வாயால் சொன்னால் நெருப்புக்குக் காது கேட்குமா என்று சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. உள்ளே நூறு வைத்தால் நூறும் முழுசாக வரும் என்று யாருக்குத் தெரியும்? பிரித்த பிறகு உள்ளதுதான் சரக்கு. அதனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அண்ணி மட்டும் இல்லை. பொதுச் சூளையில் சரக்கு வைத்திருந்த எல்லோருக்கும் காலியாகத்தான் விட்டேன்.

அந்த வாரமே சென்னையிலிருந்து ஏற்றுமதிக்காரர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. பத்துப் பன்னிரண்டு ஊர் சுற்றிப் பொம்மை வாங்குகிறவர். மத்தியானம் ரயிலில் வந்து ஆபீஸில் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பிடித்ததைச் சொல்வார். மறுநாள் திரும்பிவிடுவார். அண்ணி முதல் நாளே என்னிடம், "பாப்பா, நம்ம யானைய மேல போடு, கீழ போட்டுடாத" என்று சொல்லியிருந்தார்.

அன்று காலையில் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். செயலாளரின் பொம்மை, செயலாளரின் ஃப்யூஸ் கேரியர், இன்னும் இரண்டு பெரிய யூனிட்டின் கப்பு, ஜாடி. யானை இல்லை. பொதுச் சூளைக்காரர் ஒருவருடைய பொருளும் இல்லை.

அட்டவணையைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. படம் இருந்தது, பெயர் இருந்தது. திரும்பப் பக்கத்தைப் பார்த்தேன். இல்லை. டெம்ப்ளேட்டைத் திறந்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. கையிருப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் காட்டு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பாண்டிக்காரர் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

பாண்டிக்கு போன் போட்டேன்.

"ஆமா மேடம், நான்தான் போட்டேன். ஸ்டாக் இல்லாதத ஏன் காட்டணும்? பாக்கறவங்களுக்கு எரிச்சலாவும்."

"ஸ்டாக் இல்லன்னு யார் சொன்னா? காலியா வுட்டிருக்கேன்."

"காலின்னா சீரோ மாதிரிதான் மேடம்."

"எப்பிடிங்க மாதிரி? உங்க வூட்டுக் கதவு சாத்தியிருந்தா உள்ள ஆளே இல்லன்னு அர்த்தமா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான் சூளை விஷயத்தை விளக்கினேன். இன்னும் சிரித்தார். "மேடம், மூடநம்பிக்கைக்கெல்லாம் ப்ரோக்ராம் எழுத முடியாது."

"ஆயுத பூஜைக்கு உங்க கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கறதில்ல?"

"அது வேற மேடம்."

"என்னா வேற?"

"லாஜிக் கரெக்டா இருக்குது மேடம். நீங்க நம்பர் போடுங்க, தன்னால வரும்." வைத்துவிட்டார்.

செயலாளரிடம் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு, "பக்கம் சுத்தமா இருக்குதே ஏம்மா, அதுக்கு என்னா கொறச்சல்?" என்றார்.

"பாதி சங்கம் இல்லையே சார்."

"ஏதாவது ஒரு நம்பரப் போட்டு வுடு. ஐநூறுன்னு போடு. யாரு வந்து எண்ணப் போறான்?"

"அவங்க சொல்லமாட்டாங்க சார்."

"சொல்லாதவங்க பொருளு தெரியல. அதுக்கு நான் என்னா பண்ணுவேன்?" பேப்பரைத் திருப்பினார். அவருக்கு அது முன்பே தெரியும் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. பாண்டிக்காரர் முதல் நாளே அவரிடம் காட்டியிருக்கிறார். அவர் பொருள் மேலிருந்து கீழ்வரை நிறைந்திருக்கிறது. அவருக்கு ஏன் கசக்கப்போகிறது?

அண்ணிக்குத் தெரியாமல் ஒரு நம்பரைப் போட்டிருக்கலாம்தான். போடவில்லை. ஏன் போடவேண்டும்? தெரியாத கணக்கைத் தெரிந்த மாதிரி எழுதினால்தான் ஒரு பெண்ணின் பொருள் கண்ணுக்குத் தெரியும் என்றால், அந்த வரியை எழுதினவனுக்குத்தான் அறிவில்லை.

டெம்ப்ளேட்டை நானே திருத்தினேன். கையிருப்புக் கட்டம் காலியா என்று முதலில் பார்க்கவேண்டும். காலி என்றால் பொருளைக் காட்டி, எண் வருகிற இடத்தில் "சூளையில் உள்ளது" என்று போடவேண்டும். பூஜ்யம் என்று யாராவது தாங்களே எழுதியிருந்தால் மட்டும் காட்டாமல் விட வேண்டும். மூன்று தடவை தப்பு வந்தது. பக்கம் முழுக்க வெள்ளையாகப் போனது. ரயில் ஊதுகிற சத்தம் கேட்கும்போது யானை வந்தது. முதல் வரிசையிலேயே வைத்தேன்.

ஏற்றுமதிக்காரர் நிதானமான ஆள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். யானையில் நின்றார்.

"சூளையில் உள்ளதுன்னா?"

செயலாளர் முந்திக்கொண்டார். "இன்னும் ரெடி ஆவலன்னு அர்த்தம் சார். அத வுடுங்க, நம்ம பொம்மையப் பாருங்க."

"ரெடியாதான் இருக்குது சார்," என்றேன். "இன்னும் பிரிக்கல. நாளைக்குக் காலையில பிரிக்கறாங்க. அதுவரைக்கும் எண்ணிக்கை சொல்லமாட்டாங்க. எங்க வழக்கம்."

செயலாளர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. ஏற்றுமதிக்காரர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "நாளைக்கு என் ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் அவர் பொதுச் சூளைக்கு வந்தார். செயலாளரும் வேறு வழியில்லாமல் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சாம்பலில் நின்றார். அடைப்புச் செங்கலை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். உள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது. அண்ணி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு முதல் தட்டை வெளியே எடுத்தார். நீலப் பூச்சு கண்ணாடிபோல் இருந்தது. அடித்தட்டில் கொஞ்சம் வெடித்திருந்தது, மற்றதெல்லாம் முழுசு. தரையில் சாக்கு விரித்து அடுக்கிவிட்டு, அப்போதுதான் அண்ணி எண்ணினார். வாய்விட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி. ஏற்றுமதிக்காரர் ஒரு யானையை எடுத்துத் தும்பிக்கையை விரலால் தட்டிப் பார்த்தார். "எல்லாம் எனக்கே. அடுத்த சூளையும் எனக்கே" என்றார்.

"அடுத்த சூளைக்கு இப்பவே பேசாதீங்க சார்," என்றார் அண்ணி. "மொதல்ல வச்சுப் பிரிக்கறேன், அப்பறம் பாக்கலாம்." அவர் சிரித்துவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை.

ஆபீஸுக்குத் திரும்பி எண்ணிக்கையை அட்டவணையில் போட்டேன். செயலாளர் என் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாத்தியா, நம்பரு போட்டதும் சரியா வருதில்ல? அவன் சொன்ன லாஜிக் சரிதான்."

அப்போது கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக ஞாபகமில்லை. நேற்று இவர்கள் பொருளெல்லாம் எங்கே போயிருந்தது, உங்கள் குடோனில் தூங்குகிறது மட்டும்தான் சரக்கா என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. டீக்கடைக்காரர் கிளாஸை எடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். செயலாளர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டீக்கடைக்காரருக்குக் காசு கொடுத்தார். அமைதியாக இருக்கிற ஆள்தான் ஆபத்து என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இரண்டு வாரத்தில் பாண்டிக்காரர் ஒரு ஃப்ளாப்பியோடு வந்தார். கலர் மாற்றியிருக்கிறேன், புது டெம்ப்ளேட் என்றார். போட்டுவிட்டுப் போனார். திறந்து பார்த்தால் என் வரி இல்லை, அவருடைய பழைய வரி இருந்தது. நான் திரும்ப என் வரியைச் சேர்த்தேன். அடுத்த மாதம் அவர் திரும்ப எடுத்தார். அதற்கடுத்த தடவை பாஸ்வேர்டையே மாற்றிவிட்டார்கள். "நீ அட்டவணைய மட்டும் பாரும்மா. டெம்ப்ளேட்டு உன் வேலை இல்ல" என்றார் செயலாளர். எவ்வளவு மரியாதையான பேச்சு.

சின்ன யூனிட்காரர்களின் பிழைப்பு எப்படி என்று அந்தப் பாண்டிக்காரருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. அவர்களுக்கு குடோன் கிடையாது. சரக்கு ஒன்று சூளைக்குள் இருக்கும், இல்லாவிட்டால் விற்றுப்போயிருக்கும். சூளை பிரித்த இரண்டு நாளில் வியாபாரி தான் சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவான். அந்த இரண்டு நாள் மட்டும் அவர்கள் வெப்சைட்டில் தெரிவார்கள். மிச்ச நாள் முழுக்கக் கிடையாது. யாருக்குச் சரக்கு விற்காமல் குடோனில் தூசி படிந்து கிடக்கிறதோ அவர் எப்போதும் தெரிவார். இதற்குப் பெயர் லாஜிக்.

அந்த ஏற்றுமதிக்காரர் அண்ணியிடம் இரண்டு சூளைச் சரக்கு எடுத்தார். அப்புறம் அவர் நேரில் வருவதை நிறுத்திவிட்டார். சென்னையிலேயே உட்கார்ந்து இண்டர்நெட்டில் பார்க்கிறேன், உங்கள் சங்கமே வழி செய்து கொடுத்திருக்கிறதே என்று சந்தோஷமாகச் சொன்னார். அடுத்து ஆர்டர் வரவில்லை. ஒருநாள் அவர் வேறு ஏதோ கேட்க ஆபீஸுக்கு போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"சார், யானை ஏன் எடுக்கறதில்ல?"

"அந்தம்மா விட்டுட்டாங்களே? நாலஞ்சு மாசமா பாக்கறேன், வெப்சைட்ல இல்லையே. அதான் உங்க செயலாளர்கிட்டயே பொம்மை எடுத்துக்கிறேன்."

"விடல சார். இருக்காங்க. சூளையில வச்சிருக்காங்க."

"அப்படியா? வெப்சைட்ல வந்ததும் பாக்கறேம்மா."

நல்ல மனுஷன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பார்த்ததைச் சொன்னார். அவருக்குக் காட்டியதை அவர் பார்த்தார்.

ஆர்டர் இல்லாததால் அண்ணி இரண்டு முறை சூளை வைக்கவில்லை. மூன்றாவது முறையும் களிமண் வாங்க வழியில்லை. முறை போய்விட்டது. அச்சுகளை என்ன செய்வது என்று தெரியாமல் கொட்டகையில் வைத்திருந்தார். செயலாளரின் சூப்பர்வைசர் வந்து, அச்சையும் எடுத்துக்கொள்கிறோம், நீயும் வா, யானைக்குக் கண் எழுத உன் கை வேண்டும் என்றான். அண்ணி போனார். இப்போது "மூணாவது பெஞ்சு" என்று கூப்பிடுவதில்லை, "யானைக்காரம்மா" என்று கூப்பிடுகிறார்கள் என்று என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார், முகம் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் அட்டவணையில் போடச் சொல்லி ஒரு புதுப் படம் என் மேஜைக்கு வந்தது. தும்பிக்கையைப் பக்கவாட்டில் சுருட்டிய யானை. செய்தவர் என்ற இடத்தில் செயலாளரின் யூனிட். கையிருப்புக்கு ஒரு பெரிய எண், எண்ணாமல் குத்துமதிப்பாக எழுதியது. நான் தட்டச்சு செய்தேன். பக்கத்தைத் திறந்தேன். உடனே வந்தது. அந்த வரி அதைத் தடுக்கவில்லை. முதல் வரிசையில், நடுவில்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அண்ணி கேட்டார். "யானை வந்துச்சாமே கம்ப்யூட்டர்ல? சூப்பர்வைசர் சொன்னான்."

"வந்துச்சு."

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுது."

"கண்ணு?"

"கண்ணும் தெரியுது அண்ணி."

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு அண்ணி உலை வைக்கப் போனார்.

மறுநாள் நான் அந்த ஸ்டூலில் போய் உட்காரவில்லை, வேலையை விட்டுவிட்டேன். அண்ணிக்குச் சரியாம். என்ன சரி?